பால் பெர்ட்: வானத்தை இரும்பு அறைக்குள் அடைத்தவர்

ஏர் ஆம்புலன்ஸில் நோயாளியை ஏற்றும் முன் டாக்டர் சில விஷயங்களைப் பார்ப்பார். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று தேங்கியிருக்கா? ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? சமீபத்தில் ஆழ்கடலில் டைவிங் போனாரா? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் சுமார் 150 வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆள் இருக்கார்.

பால் பெர்ட் 1833-ல் பிரான்சின் ஓசேர் நகரில் பிறந்தவர். இன்ஜினியராகும் எண்ணத்தோடு ஆரம்பித்து, சட்டத்துக்குத் தாவி, கடைசியில் உடலியலில் வந்து நின்றார். (நம்ம கிளாஸ்லயும் இப்படி ஆட்கள் உண்டு.) கிளாட் பெர்னாரின் மாணவரான அவர் 1869-ல் சோர்போனில் பேராசிரியர் ஆனார்.

மலை ஏறுகிறவர்களுக்கும் பலூனில் பறப்பவர்களுக்கும் தலைசுற்றலும் மயக்கமும் ஏன் வருகின்றன? வெளியே காற்றழுத்தம் குறைவதே உடம்பை நேரடியாகக் கெடுக்கிறது என்று அன்று பலர் நம்பினார்கள். பெர்ட் ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் இரும்பு அறை செய்து, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சினார். உள்ளே குருவிகள், நாய்கள். நிறைய செத்தன, இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே ஆக்சிஜனின் பங்கைக் கூட்டினால் அவை பிழைத்தன. அப்போ வில்லன் மொத்த அழுத்தம் இல்லை, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம். ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச டால்டன் விதிதான்.

1874-ல் அவரே உள்ளே உட்கார்ந்தார். 20 விநாடி நாடியை எண்ணி மூன்றால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். முடியல. சோர்போன் பேராசிரியருக்கு மூணாம் வாய்ப்பாடு வரல! ஆக்சிஜனை இழுத்ததும் தலை தெளிந்தது.

அதே அறையில் பயிற்சி எடுத்தவர்கள் குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். 1875 ஏப்ரல் 15-ல் இருவரும் காஸ்தோன் திசாந்தியேவுடன் செனித் என்ற பலூனில் பாரிஸிலிருந்து கிளம்பினார்கள். கொண்டுபோகும் ஆக்சிஜன் போதாது என்று பெர்ட் கடிதம் எழுதியிருந்தார். அது கைக்கு வரும்முன் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கையில் இருப்பதோ கொஞ்சம், அதனால் உண்மையிலேயே தேவைப்படும்போது எடுத்துக்கலாம் என்று சேமித்தார்கள். தேவை வந்தபோது குழாயைப் பிடிக்கக் கை எழவில்லை. கொடுமை என்னன்னா, பயமும் வரவில்லை; மனசு லேசாகத்தான் இருந்தது. பலூன் சுமார் 8,600 மீட்டர் வரை போனது. திசாந்தியே மட்டும் உயிரோடு இறங்கினார், அதுவும் காது கேட்காமல்.

ஏர் ஆம்புலன்ஸ் குழுவின் கவலையும் இதேதான். கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருந்தால், உள்ளே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 160 மி.மீ. பாதரசத்திலிருந்து 118-க்கு இறங்கிவிடும். நமக்கு ஒண்ணும் தெரியாது. நிமோனியாவில் பாதி நுரையீரல் அடைபட்டவருக்குத் தெரியும், இல்லை, செனித்தில் நடந்த மாதிரி தெரியாமலே போகும். அதனால் நோயாளி திடீரென்று உளறினாலோ எரிந்து விழுந்தாலோ உடனே ஆக்சிமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். பாயில் விதியும் சும்மா இருக்காது: நெஞ்சுக்குள் தேங்கிய காற்று அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் விரியும். அதைக் குழாய் போட்டு வெளியேற்றிய பிறகே டேக்-ஆஃப்.

டைவிங் கேள்வியும் பெர்ட்டிடம்தான் போய் நிற்கும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகும் என்று காட்டியவர் அவர். அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்பதும் அவர் கண்டுபிடிப்பே. எல்லாவற்றையும் 1878-ல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் ஒரே புத்தகமாகப் போட்டார்.

பிறகு அரசியல் அவரை இழுத்துக்கொண்டது. 1881-ல் கல்வி அமைச்சர். காலனி ஆதிக்கத்தின் தீவிர ஆதரவாளர், அந்தப் பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. 1886-ல் பிரெஞ்சு ஆட்சியின் பிரதிநிதியாக வியட்நாம் போனவர், அதே வருஷம் நவம்பரில் ஹனோயில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். வயது 53. அவருடைய தடிமனான புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 1943-ல், போர் விமானிகள் செனித்தைவிட உயரத்தில் பறந்துகொண்டிருந்த நேரத்தில்.