குகை புகுந்த புரூஸ் பூட்

கல்லினுள் வாழும் தேரைக்கும் உணவளிக்கும் இறைவன், அக்கல்லினுள்ளேயே மனிதகுலத்தின் பழங்கதையையும் பொதிந்து வைத்துள்ளான். அதனைப் பொறுமையோடு தேடிக் கண்டவர் சிலரே. அச்சிலருள் முன்நிற்பவர், இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியின் தந்தையென அறிஞர் போற்றும் இராபர்ட் புரூஸ் பூட் என்பவர். அவர் குகை புகுந்து ஆற்றிய தொண்டினைச் சிறப்பாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டனம் என்னும் ஊரிற் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து, சென்னை மாகாணத்திற் பணியேற்றார். அப்பணி நாற்காலியில் அமர்ந்து செய்யத்தக்கதன்று. ஊர் ஊராகச் சென்று, பாறைகளை ஆராய்ந்து, நிலப்படம் வரைதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு திருமறையைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளாரை இவர் மணந்தார். தமிழ் பயில்வோர்க்கு இவ்வுறவு மகிழ்ச்சி தருவதாகும்.

பிரான்சு நாட்டின் ஆற்றுப் படுகைகளிற் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழங்கால மக்கள் செய்தவையே என்று 1859இல் ஆங்கில அறிஞர் உறுதிசெய்தனர். அச்செய்தி பூட்டின் உள்ளத்தைத் தூண்டிற்று. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக்கல் எடுத்த குழியொன்றில் அவர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு அத்திரம்பாக்கம் சென்று, மேலும் பல கருவிகளைக் கண்டார். அவ்வூரின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. ஒரு கல்லை உற்று நோக்கிய கண்கள் ஒரு நாட்டின் வரலாற்றையே பின்னுக்கு நீட்டிவிட்டன.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நில இயல்பைப்பற்றி அவர் எழுதிய நூல் 1883இல் வெளிவந்தது. அந்நாளில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திண்டுக்கல்லுக்கு வடக்கே குஜிலியம்பாறைப் பகுதியிலே சுண்ணாம்புக்கல் உண்டு. கரிக்காலியில் அதனை வெட்டியெடுத்துச் சிமெண்டு செய்கின்றனர். அக்கல்லுக்கு ஓர் இயல்பு உளது. மழைநீர் மண்ணிலும் காற்றிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னிடத்தே கலந்துகொண்டு, அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் விரிசல் வளையாகும், வளை குகையாகும். இன்று ஆந்திர நாட்டைச் சேர்ந்துள்ள கர்நூற் பகுதியில் இக்கல் பரந்து கிடத்தலின், ஆங்குக் குகைகள் பல தோன்றியுள்ளன.

அவற்றுட் சிறந்தவை பேதம்செர்லாவுக்கு அருகிலுள்ள பில்லசுர்க்கம் குகைகள். ஆங்குப் பழைய எலும்புகள் உள்ளன என்று நியூபோல்டு என்னும் படை அதிகாரி 1844இல் எழுதியிருந்தார். ஆயினும் நாற்பது ஆண்டுகளாக அவற்றைச் செவ்வனே தோண்டுவார் இலர். பின்னர் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞர் சென்னை ஆளுநரை இதன்பொருட்டு வேண்டிக்கொள்ள, அப்பணி பூட்டினிடம் ஒப்புவிக்கப்பட்டது.

குகையுட் புகுவோர்க்கு விளக்கும் கயிறும் மட்டும் போதா. நம்பத்தக்க துணையும் வேண்டும். நம் பக்கத்தில் கிணறு வெட்டுவோர் இதனை நன்கறிவர். கயிற்றில் இறங்குகின்றவன் தன் உயிரை மேலே கயிறு பற்றி நிற்பவன் கையிற் கொடுத்தே இறங்குகின்றான். பூட்டுக்கு வாய்த்த துணைவர் அவருடைய மகனே. படைத்துறையிற் பணிபுரிந்த ஹென்றி புரூஸ் பூட், தந்தை தொடங்கிய வேலையை ஏற்று, 1884, 1885ஆம் ஆண்டுகளில் அக்குகைகளை அகழ்ந்தார். கதீட்ரல் என்றும், பிணவறை எனப் பொருள்படும் சார்னல் ஹவுஸ் என்றும் அக்குகைகள் பெயர் பெற்றன. அவற்றின் மண்ணடுக்குகளிலிருந்து எலும்புகள் பெருந்திரளாய் வெளிவந்தன. இக்காலத்தில் அப்பக்கத்தே காணப்படாத காண்டாமிருகத்தின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. லைடெக்கர் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1886இல் நூலாக்கினார்.

எலும்புகளுட் சில மனிதர் செதுக்கிய கருவிகள் என்று பூட் கருதினார். பின்வந்தோர் சிலர் அதனை ஐயுற்றனர். ஐயுற்றவர்க்கும் அவர் எழுதிய குறிப்புக்களே துணையாயின. எக்குகையில், எவ்வடுக்கில், எது கிடைத்தது என்பதை அவர் மறையாது எழுதி வைத்தமையால், நூறாண்டுகட்குப் பின்னும் ஆராய்ச்சியாளர் அவ்விடத்தையே நாடிச் சென்றனர். ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளாக இந்நாட்டு விலங்கினங்களுட் பெரும்பாலன அழியாது நிலைபெற்று வந்துள்ளன என்பதை, அக்குகை மண்ணைக் கொண்டு 2014இல் அவர்கள் உலகிற்கு அறிவித்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவிலங்குகள் பல அக்கால எல்லைக்குள் மறைந்தொழிந்தமையை நோக்க, இதன் அருமை விளங்கும்.

1891இல் அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற பூட், பரோடாவிலும் மைசூரிலும் நிலவியற் பணி செய்து, பின்னர் ஏற்காட்டில் வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் தொகுத்த கருவிகள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார். ஏற்காட்டுத் திருத்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

தாம் கண்டதே முடிந்த முடிபு என்று அவர் பிறரைக் கட்டவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். அவ்வெழுத்தே பின்வருவோர்க்கு அவர் இறக்கிவிட்ட கயிறு. இன்று சுண்ணாம்புப் பாறைகள் நாள்தோறும் பொடியாகின்றன. பொடியான பின் அவற்றினுள் இருந்தது யாது என்று வினவுவார்க்கு விடை கூறுவார் இல்லை. ஆதலின், நம் ஊர்ப் பாறையும் கிணறும் வெட்டப்படும்பொழுது அருகே சென்று நோக்குதலும், நோக்கியதைத் தேதியிட்டு எழுதி வைத்தலும் மாணவராகிய நம்மால் இயல்வனவே. பூட்டுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவேயாம்.