பெட்ரோல் இல்லாமல் பஸ் ஓட்டியவர்: யார் இந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்?

அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு டி.வி.எஸ் ஒரு ஸ்டாப். மற்றவர்களுக்கு அது ஒரு பைக் பிராண்ட். அந்த மூன்று எழுத்துக்குள்ளே ஒரு மனிதர் இருக்கிறார்.

1877-ல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர் சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, பேங்க் வேலை எல்லாம் பார்த்தவர், 1911-ல் மதுரையில் தன் நிறுவனத்தைத் தொடங்கி பஸ் விட்டார். மாட்டுவண்டிகள் ஓடிய ரோட்டில், நேரம் தவறாத பஸ். அது வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள் என்பது மதுரையின் பழைய பேச்சு.

போர் வந்தது, பெட்ரோல் போனது

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் பர்மாவும், அதன் எண்ணெய்க் கிணறுகளும் ஜப்பான் கைக்குப் போனதும் நெருக்கடி முற்றியது. பஸ் நின்றால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஜனங்களின் கதி? டிரைவர், கண்டக்டர் சம்பளம்? இந்தச் சமயத்தில் அவருடைய நிறுவனம் கையில் எடுத்ததுதான் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட்.

கரி எப்படி பஸ்ஸை ஓட்டும்?

வண்டியோடு ஒரு இரும்பு உலை. அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால், முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு கிளம்பும். அதைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்ப வேண்டும்.

சிக்கலே அந்தக் கலவையில்தான். பெட்ரோல் இன்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். கரி வாயுவுக்கோ, அளவில் ஏறக்குறைய சரிபாதி காற்று போதும். பழைய அம்பாசிடரில் ஐடிலிங் சரியில்லை என்றால் மெக்கானிக் கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, இன்ஜின் சத்தம் சீரானதும் விட்டுவிடுவார். கேஸ் வண்டியில் அப்படி ஒரு தடவை செட் பண்ணிவிட்டு மறந்துவிட முடியாது. வண்டி நின்றபடி ஓடும்போது இன்ஜின் இழுக்கும் காற்று குறையும், உலையின் சூடு இறங்கும், வாயுவின் தரமும் கெடும். டிரைவர் காற்று வால்வைக் கையாலேயே கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டும்.

காலையில் உலையைப் பற்றவைத்துக் காத்திருக்கணும். மேட்டில் வண்டி திணறும். சாம்பல் உள்ளே போனால் இன்ஜின் தேயும். மூடிய ஷெட்டில் வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தனை தொல்லைக்கும் பலன் ஒன்றுதான்: வண்டி நிற்கவில்லை.

தொழிலுக்கு வெளியே

இளம் வயதில் கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை, மூலையில் உட்காரவைக்காமல் டாக்டருக்குப் படிக்கவைத்தார். அவர் பிறகு ஜி.ராமச்சந்திரனை மணந்து, 1947-ல் இருவருமாகக் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

மகன்களிடம் தொழிலை ஒப்படைத்த ஐயங்கார், 1955-ல் கொடைக்கானலில் காலமானார். ஏழு வருடம் கழித்து, 1962-ல், பாடியில் பிரேக் தயாரிக்கும் சுந்தரம் கிளேட்டன் வந்தது. அடுத்தவர் செய்த வண்டிகளை வாங்கி ஓட்டிய குடும்பம், வண்டிக்கான பாகங்களைச் சென்னையிலேயே செய்ய ஆரம்பித்தது.