வான்கோவுக்கு நாம் சூட்டிய பெயர்கள்

இறந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு மனிதருக்கு என்ன நோய் என்று மருத்துவ உலகம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. வலிப்பு, மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு, உள்காதுக் கோளாறு, போர்ஃபிரியா என்னும் பரம்பரை நோய், மதுவால் விளைந்த கேடு, ஆளுமைக் கோளாறு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அவர் ஓவியர் வின்சென்ட் வான்கோ.

அவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது ஓவிய ஆர்வத்தால் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நான் வசித்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு மனு கைமாறி வந்தது. மூன்றாம் தளத்தில் தனியாக வாடகைக்கு இருந்த பெண்மணியை வெளியேற்றுமாறு வீட்டு உரிமையாளருக்கு எழுதப்பட்ட மனு அது. நள்ளிரவில் கதவைத் தட்டுகிறார், ஒரு நாள் உயிராகப் பழகி மறுநாள் பகையாகப் பார்க்கிறார், படிக்கட்டில் அமர்ந்து அழுகிறார் என்பன குற்றச்சாட்டுகள். அவருக்கு ஆளுமைக் கோளாறு என்று யாரோ கேள்விப்பட்டிருந்தார்கள். அந்தச் சொல் கிடைத்ததும் எங்கள் தயக்கம் அகன்றது. நானும் கையெழுத்திட்டேன். பின்னொரு நாள், 1889-இல் ஆர்ல் நகரவாசிகள் வான்கோவுக்கு எதிராக அளித்த மனுவைப் பற்றிப் படித்தபோது, அந்தக் கையெழுத்து என்னை உறுத்தத் தொடங்கியது.

நெதர்லாந்தின் சுண்டர்ட் என்னும் சிற்றூரில் 1853 மார்ச் 30 அன்று ஒரு சீர்திருத்தத் திருச்சபைப் போதகரின் மகனாகப் பிறந்தவர் வான்கோ. சரியாக ஓராண்டுக்கு முன் அதே நாளில் இறந்தே பிறந்த அண்ணனின் பெயர்தான் இவருக்கும் சூட்டப்பட்டது. 16 வயதில் ஓவிய வணிக நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஹேக், லண்டன், பாரிஸ் என்று மாற்றப்பட்டு, 1876-இல் வேலையிழந்தார். பின்னர் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர், டோர்ட்ரெக்டில் புத்தகக் கடை ஊழியர், ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிப்புக்கு ஆயத்தமான மாணவர் என்று பல வேடங்கள். ஒன்றும் நிலைக்கவில்லை.

பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சமயப் பணியாளராகச் சென்றபோது, தன் உடைமைகளை ஏழைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்டு வைக்கோலில் உறங்கினார். அவரை அனுப்பிய சபையினருக்கு அது பக்தியாகத் தோன்றவில்லை. வரம்பு மீறியதாகவே தோன்றியது. 1879-இல் அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய தந்தை, மனநோயாளிகளைக் குடும்பங்களே ஏற்றுப் பராமரிக்கும் மரபுக்குப் பெயர்பெற்ற கீல் நகருக்கு மகனை அனுப்ப முயன்றார். வின்சென்ட் கடுமையாக எதிர்த்தார். வெட்டப்பட்ட காதின் கதையோடு அவருடைய மனநோயைத் தொடங்குவதுதான் நம் வழக்கம். ஆனால், அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஓவியர் என்று யாரும் அவரை அறியாத காலத்திலேயே, இவன் இயல்பானவன் அல்லன் என்ற தீர்ப்பு வீட்டுக்குள் எழுதப்பட்டுவிட்டது.

1881-இல் கணவரை இழந்த உறவுப்பெண் கே வோஸைத் திருமணம் செய்ய விரும்பினார். அவர் மறுத்தார். ஆம்ஸ்டர்டாமில் அப்பெண்ணின் பெற்றோர் வீட்டுக்கே சென்ற வின்சென்ட், இந்தச் சுடரில் கையை வைத்திருக்கும் நேரமாவது அவளைக் காண விடுங்கள் என்று கேட்டு, விளக்குச் சுடரில் கையை நீட்டினார். பின்னர் ஹேக் நகரில், கருவுற்றுக் கைவிடப்பட்டிருந்த சியென் என்னும் பெண்ணையும் அவளுடைய குழந்தைகளையும் ஏற்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குடும்பம் நடத்தினார். அதுவும் முறிந்தது.

1888 பிப்ரவரியில் தென் பிரான்சின் ஆர்ல் நகருக்கு வந்தார். மஞ்சள் வண்ண வீடொன்றை வாடகைக்கு எடுத்து, ஓவியர்கள் கூடி வாழும் இடமாக அதை ஆக்கக் கனவு கண்டார். அக்டோபரில் பால் கோகென் வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கோகென் புறப்பட்டுவிடுவார் என்ற நிலையில், டிசம்பர் 23 இரவு வின்சென்ட் தன் இடது காதைச் சவரக்கத்தியால் அறுத்து, ஒரு விடுதிப் பெண்ணிடம் கொடுத்தார். மடல் மட்டும்தான் அறுபட்டது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஃபெலிக்ஸ் ரே, 1930-இல் எழுத்தாளர் இர்விங் ஸ்டோனுக்கு வரைந்து கொடுத்த படம் 2016-இல் வெளியானபோதுதான், ஏறத்தாழ முழுக் காதும் போயிருந்தது உறுதியாயிற்று.

இனி மனுவுக்கு வருகிறேன். மருத்துவமனையிலிருந்து திரும்பிய வின்சென்டுக்கு 1889 பிப்ரவரியில் மீண்டும் மனப்பிறழ்வு ஏற்பட்டது. தனக்கு நஞ்சு வைக்கப்படுவதாக நம்பினார். சுற்றிலும் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 30 பேர் நகரத் தலைவருக்கு மனு அளித்தார்கள். அவர் அதிகம் குடிக்கிறார், பெண்களும் குழந்தைகளும் அஞ்சுகிறார்கள், குடும்பத்தினர் அழைத்துக்கொள்ள வேண்டும் அல்லது மனநோய் விடுதியில் அடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். காவல் துறை மஞ்சள் வீட்டைப் பூட்டியது. அவர் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். மார்ச் மாதம் ஓவியர் பால் சின்யாக் வந்து பார்த்து, அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பூட்டிய வீட்டைத் திறக்க வேண்டியிருந்தது.

மனுதாரர்களின் அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால், அதே மனிதரை அதே மாதங்களில் கண்ட இன்னொருவர் இருந்தார். மருத்துவர் ரேவுக்கு அப்போது வயது 23. பயிற்சிக் கட்டத்தில் இருந்தவர். இது வலிப்பின் ஒரு வகை என்று அவர் கருதினார். காயத்துக்கு மருந்திட்டார், நிலைமையைத் தம்பி தியோவுக்கு எழுதினார், நோயாளியோடு உட்கார்ந்து பேசினார். நன்றியாக வின்சென்ட் அவருடைய உருவத்தைத் தீட்டிக் கொடுத்தார். ரேவின் தாய்க்கு அது பிடிக்காமல் கோழிக்கூண்டின் ஓட்டையை அடைக்கப் பயன்பட்டது என்று சொல்வார்கள். இன்று அது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரே சொன்ன நோயின் பெயர் சரியா என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது. மனுதாரர்கள் சொன்ன விவரங்களில் பெரும்பாலானவை உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் வின்சென்டுக்கு உதவியது ஐயத்துக்குரிய அந்த நோய்ப்பெயர்தான். காரணம், அந்தப் பெயரைச் சொன்னவர் அவருடைய அருகிலேயே இருந்தார்.

1889 மே மாதம் வின்சென்ட் தாமாகவே சான்-ரெமியிலிருந்த மனநல விடுதியில் சேர்ந்தார். அங்கே மருத்துவர் பெய்ரோன், மாயக்காட்சிகளோடு கூடிய தீவிர மனப்பிறழ்வு என்றும், இடையிடையே வலிப்பு என்றும் குறித்தார். வாரம் இருமுறை இரண்டு மணிநேரக் குளியல்தான் சிகிச்சை. அந்த ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்கள் பிறந்தன. 1890 மே மாதம் பாரிசுக்கு அருகிலுள்ள ஓவேர் சிற்றூருக்கு வந்து, மருத்துவர் காஷேயின் கண்காணிப்பில் இருந்தார். ஜூலை 27 அன்று துப்பாக்கிக் குண்டுக் காயத்தோடு தங்கும் விடுதிக்குத் திரும்பினார். இரண்டு நாள் கழித்து, தியோ அருகிலிருக்க, 37 வயதில் உயிர் பிரிந்தது. ஆறே மாதத்தில் தியோவும் மறைந்தார்.

இந்த வாழ்க்கையை இன்றைய மனநல மருத்துவக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குப் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்ற பெயர் உடனே தோன்றும். கைவிடப்படுவோம் என்ற பேரச்சம், ஏற்றி வணங்குவதும் இறக்கித் தள்ளுவதுமான உறவுகள், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளல், கட்டுக்கடங்காத சினம் முதலியன அதன் அறிகுறிகள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்ற இந்நோய்க்கு, இன்றைய வரையறைப்படி ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும். கணக்கிட்டுப் பார்த்தால், இந்த நிபந்தனையை 256 விதங்களில் நிறைவு செய்யலாம். ஒரே நோய்ப்பெயர் பெற்ற இருவருக்கு ஒரேயோர் அறிகுறி மட்டுமே பொதுவாக இருப்பதும் சாத்தியம்.

இந்தக் குறையை உணர்ந்தே உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் வேறு வழியைத் தேர்ந்தது. தனித்தனி ஆளுமைக் கோளாறுகளின் பழைய பட்டியலைக் கைவிட்டு, கோளாறு லேசானதா, மிதமானதா, தீவிரமானதா என்று முதலில் கேட்கிறது. மேலோங்கி நிற்கும் பண்புகளை அதன் பிறகு குறிக்கிறது. பார்டர்லைன் என்ற அடைமொழியை மட்டும் விருப்பக் குறிப்பாக விட்டுவைத்தது. அந்தப் பெயரை நம்பியே சிகிச்சைகளும் ஆய்வுகளும் கட்டப்பட்டிருந்தன என்பது அதை விடக் கூடாது என்றவர்களின் வாதம். அந்தப் பெயரே நோயாளியைத் தொல்லைக்காரராகக் காட்டுகிறது, சிறுவயதில் அவர் பட்ட கொடுமைகளை மறைத்துக் குறையை அவருடைய குணத்தின் மீது ஏற்றுகிறது என்பது எதிர்த்தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

மற்ற நோய்கள் ஒருவருக்கு வருபவை. ஆளுமைக் கோளாறு என்று சொல்லும்போதோ, அவர்தான் நோய் என்று சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன், இளமை தொட்டு நீண்ட கால நடத்தையை ஆராய வேண்டும் என்று மருத்துவம் வலியுறுத்துகிறது. நெருக்கடி நேரத்தில் எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து முடிவுக்கு வரலாகாது.

வான்கோவின் வகையில் அத்தகைய நீண்ட ஆவணம் இருக்கிறது. அவர் எழுதிய 800-க்கும் மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியுள்ளன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அக்கடிதங்களில் தோய்ந்த மூன்று கலை வரலாற்றாசிரியர்களை, நோயாளிக்குப் பதிலாக அமர்த்தி, முறைப்படியான கேள்விகளைக் கேட்டார்கள். இருதுருவக் கோளாறும் பார்டர்லைன் ஆளுமைக் கூறுகளும் சேர்ந்திருக்கலாம். காதறுத்த பின் வந்த பிறழ்வுகளில் திடீரென மது நின்றதற்கும் பங்கிருக்கலாம் என்று முடிவு கண்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் கூடிய நிபுணர்களோ ஒரே நோய்ப்பெயருக்கு உடன்படவில்லை.

அந்தக் கடிதங்களிலேயே இன்னொரு சான்றும் இருக்கிறது. 1872-இல் தியோவுக்கு எழுதத் தொடங்கியவர் இறக்கும் வரை, 18 ஆண்டுகள், எழுதிக்கொண்டே இருந்தார். சண்டையிட்டார், பணம் கேட்டார், மனம் நோகச் செய்தார், மன்னிப்பு வேண்டினார், உறவு அறுபடவில்லை. தியோவுக்கு 1890 ஜனவரியில் மகன் பிறந்து வின்சென்ட் என்றே பெயரிட்டபோது, அந்தக் குழந்தைக்காக நீல வானில் பூத்த வாதுமைக் கிளைகளை வரைந்தார். நிலையான உறவுக்குத் தகுதியற்றவர் என்ற வரியில் இவரை அடைக்க முயல்பவர், இந்த 18 ஆண்டுகளை எங்கே வைப்பார்?

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. இக்கோளாறுக்கென்றே வகுக்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சைகள் பயன் தருகின்றன. இப்பெயர் பெற்றவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பெரும்பாலோர் பத்தாண்டுக்குள் அந்த வரையறையையே கடந்துவிடுவது தெரியவந்துள்ளது. குணம் மாறாது என்ற பழைய நம்பிக்கைக்கு இது நேர்மாறான சான்று. ஆகவே நோய்ப்பெயரே வேண்டாம் என்பதன்று என் கருத்து. தகுதியுள்ள மருத்துவர், உரியவரோடு பேசி, சிகிச்சையின் தொடக்கமாக அதைச் சொல்லட்டும். அண்டை வீட்டாரும் அலுவலக நண்பர்களும் உறவினர்களும் அதைத் தீர்ப்பாக வழங்கும்போதுதான் அது மனுவாக மாறிவிடுகிறது.

எங்கள் குடியிருப்பிலிருந்து அந்தப் பெண்மணி அடுத்த மாதமே போய்விட்டார். எங்கே போனார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் என் கதவையும் இருமுறை தட்டியிருக்கிறார். என்ன வேண்டும் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.