கானமயிலுக்காக வாதாடிய சலீம் அலி

புது தில்லி: தேசியப் பறவையைத் தேர்வு செய்யும் பேச்சு 1960-களின் தொடக்கத்தில் எழுந்தபோது, பறவையியல் அறிஞர் சலீம் அலி முன்மொழிந்தது கானமயிலை. தார்ப் பாலைவனத்திலும் வறண்ட புல்வெளிகளிலும் வாழும் அப்பறவை அன்றே அருகி வந்தது. தேசியத் தகுதி கிடைத்தால் அதன் வாழிடமும் காக்கப்படும் என அவர் கருதினார். ஆனால் 1963-ல் மயிலே தேர்வானது.

பம்பாயில் 1896 நவம்பர் 12-ம் தேதி பிறந்த சலீம் அலி, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் தான் சுட்டு வீழ்த்திய, தொண்டையில் மஞ்சள் நிறம் கொண்ட குருவி எந்த இனம் என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றது அவரது வாழ்வின் திருப்புமுனை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனியில் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று திரும்பிய பிறகு, ஊதியம் வேண்டாம், பயணச் செலவு போதும் என்ற நிபந்தனையுடன் சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்.

அந்தப் பணியே அவரை கட்ச் ரண் உப்புவெளிக்கு அழைத்துச் சென்றது. புல்கூட முளைக்காத அச்சமவெளியில், மழைநீரும் கடல்நீரும் கலந்து தேங்கும் இடத்தில், லட்சக்கணக்கான பூநாரைகள் சேற்றைக் குவித்துக் கூடு கட்டுவதை 1945-ல் நேரில் ஆராய்ந்து பதிவு செய்தார். மனிதருக்கு உதவாத நிலம் உயிரற்ற நிலமல்ல என்பதற்கு அப்பதிவு சான்றானது.

விடுதலைக்குப் பிறகு பரத்பூர் நீர்நிலையை விளைநிலமாக்கும் முயற்சி எழுந்தபோது, பிரதமர் நேருவிடம் முறையிட்டு அதைத் தடுத்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் போராட்டத்திலும் அவரது குரல் ஒலித்தது. 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். 1987-ல் காலமானார். அவரது பெயரிலான பறவையியல் ஆய்வு மையம் 1990 முதல் கோவையில் இயங்கி வருகிறது.

நீர்நிலைக்கும் காட்டுக்கும் கிடைத்த வெற்றி கானமயிலுக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் ஒரு முட்டை மட்டுமே இடும் இப்பறவையின் எண்ணிக்கை, 2018-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி சுமார் 150. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் பகுதியில் உள்ளன. அங்கு சூரிய, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உயரழுத்தக் கம்பிகள் அவற்றுக்கு எமனாகின. கனத்த உடலும் முன்பக்கப் பார்வைக் குறைவும் கொண்ட கானமயிலால் கடைசி நொடியில் விலக முடிவதில்லை. அக்கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021-ல் உத்தரவிட்ட உச்சநீதிமன்றம், செலவும் பருவநிலை இலக்குகளும் சுட்டிக்காட்டப்பட்டதால் 2024-ல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவை அமைத்தது.

தூய மின்சாரத்தின் தேவையை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் புல்வெளியும் பாலையும் அரசு ஆவணங்களில் தரிசு என்றே குறிக்கப்படும் வரை, ஒவ்வொரு புதிய திட்டமும் முதலில் தேடிச் செல்வது அந்நிலங்களையே. தேசியப் பறவை விவாதத்தில் சலீம் அலி மாற்ற முயன்றது அந்தக் கண்ணோட்டத்தைத்தான்.