தங்கம் தோண்டாமலேயே கோடீஸ்வரர் ஆனவர்.. ஒரு கடற்கரைக் கிராமத்தை மாநகரமாக்கிய சாம் பிரானன்! யார் இவர்?

ஒரு கையில் தங்கத்தூள் நிரம்பிய பாட்டில். இன்னொரு கையில் தொப்பி. அதை ஆட்டியபடியே தெருத்தெருவாக நடந்து, அமெரிக்கன் ஆற்றில் தங்கம் கிடைக்குது என்று கத்திக்கொண்டே போகிறார் ஒருவர்.

நடந்தது 1848 மே மாதம். இடம், கலிபோர்னியா கடற்கரையில் இருந்த சான் பிரான்சிஸ்கோ. அப்போது அது ஆயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். அடுத்த இரண்டே ஆண்டில் அங்கே சுமார் 25 ஆயிரம் பேர்!

கத்தியவர் பெயர் சாமுவேல் பிரானன். சுருக்கமாக சாம் பிரானன். இதில் ஆச்சரியம் என்னன்னா, அவருக்குத் தங்கம் தோண்டும் எண்ணமே கிடையாது. ஆனாலும் கலிபோர்னியாவின் முதல் மில்லியனர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். எப்படி? கடைசியில் அவருக்கு என்ன ஆச்சு? பார்க்கலாம்.

யார் இந்த சாம் பிரானன்?

1819ல் அமெரிக்காவின் கிழக்குக் கோடியில் உள்ள மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே அச்சுத் தொழில் கற்றுக்கொண்டார். பிறகு மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார். அந்த நாட்களில் மோர்மன்கள் போகிற இடமெல்லாம் விரட்டப்பட்டார்கள். அதனால், அமெரிக்க எல்லைக்கு வெளியே மேற்கில் எங்காவது போய்க் குடியேறலாம் என்று முடிவெடுத்தார்கள்.

அப்படிக் கடல் வழியாகக் கிளம்பிய குழுவுக்குத் தலைவர் ஆனவர்தான் பிரானன். 1846 பிப்ரவரியில் நியூயார்க்கில் இருந்து புரூக்ளின் என்ற கப்பல் புறப்பட்டது. பனாமா கால்வாய் எல்லாம் அப்போது ஏது? தென் அமெரிக்காவின் அடிமுனையைச் சுற்றி, ஹவாய் தீவில் நின்று, ஆறு மாதப் பயணம். கப்பலில் 200க்கும் அதிகமான மோர்மன்கள். கூடவே ஓர் அச்சு இயந்திரம்.

ஜூலை 31ஆம் தேதி கப்பல் கரை சேர்ந்த ஊரின் பெயர் யெர்பா புவேனா. ஸ்பானிஷ் மொழியில் நல்ல மூலிகை என்று அர்த்தம். மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்த அந்த ஊரில், சில வாரங்களுக்கு முன்புதான் அமெரிக்கக் கடற்படை தன் கொடியை ஏற்றியிருந்தது. அமெரிக்காவை விட்டுப் போக நினைத்துக் கிளம்பியவர்கள், இறங்கியதோ மறுபடியும் அமெரிக்கக் கொடியின் கீழ்! அந்த ஒரே கப்பலால் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு மடங்கானது என்றால், ஊர் எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1847 ஜனவரியில் ஊருக்கு சான் பிரான்சிஸ்கோ என்று பெயர் மாறியது. அதே மாதம், கப்பலில் கொண்டுவந்த இயந்திரத்தை வைத்து கலிபோர்னியா ஸ்டார் என்ற பத்திரிகையைத் தொடங்கினார் பிரானன். அதுதான் அந்த ஊரின் முதல் செய்தித்தாள். உள்ளே சாக்ரமென்டோ ஆற்றுப் பக்கம், ஜான் சட்டர் என்பவரின் கோட்டைக்குள் ஒரு கடையும் போட்டார். இந்தக் கடைதான் கதையின் திருப்புமுனை.

தங்கம் எப்படிக் கிடைத்தது?

ஜான் சட்டர் சுவிட்சர்லாந்து வழியில் வந்த பெரிய நிலக்கிழார். கொலோமா என்ற இடத்தில், அமெரிக்கன் ஆற்றங்கரையில் அவருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர். 1848 ஜனவரி 24ஆம் தேதி ஆலையின் வாய்க்காலில் ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தால், தங்கம்.

அடுத்த ஒன்பதாவது நாள், பிப்ரவரி 2ஆம் தேதி, போரில் தோற்ற மெக்சிகோ கலிபோர்னியாவை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. காலடியில் தங்கம் இருப்பது கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்புக்கும் தெரியாது!

விஷயம் வெளியே போனால் தன் நிலத்துக்கே ஆபத்து என்று சட்டர் ரகசியமாக வைக்கப் பார்த்தார். ஆனால் ஆலைத் தொழிலாளர்கள் பிரானனின் கடைக்கு வந்து தங்கத்தூளைக் கொடுத்துப் பொருள் வாங்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் பிரானனுக்குப் பொறி தட்டியது.

முதலில் சரக்கு, அப்புறம்தான் சத்தம்

மார்ச் மாதமே தங்கம் பற்றி ஒரு பத்திரிகைச் செய்தி வந்திருந்தது. யாரும் பெரிதாக நம்பவில்லை. வதந்தி என்று நினைத்தார்கள். மே மாதம் பிரானன் பாட்டிலோடு தெருவில் இறங்கியதும் கதையே மாறிப்போச்சு. காகிதத்தில் படித்தது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு இல்லையா?

ஊரில் கிடைத்த மண்வெட்டி, கடப்பாரை, சல்லடைத் தட்டு எல்லாவற்றையும் வாங்கிக் குவித்துவிட்டுத்தான் அவர் கத்தக் கிளம்பினார் என்பது பிரபலமான கதை. 20 சென்ட் தட்டை 15 டாலருக்கு விற்றார் என்றும் சொல்வார்கள். விலை முன்னே பின்னே இருக்கலாம். ஆனா, கணக்கு தெளிவானது. தங்கம் தேடிப் போகிற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று தெரியாது. ஆனால் ஆயிரம் பேருக்கும் மண்வெட்டி வேணும். மாவு வேணும், போர்வை வேணும், பூட்ஸ் வேணும்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பிரானனின் பத்திரிகை ஜூன் மாதம் நின்றுபோனது. காரணம், அச்சுக் கோர்ப்பவர்கள் உட்பட எல்லோரும் தங்கம் தேடிப் போயிட்டாங்க! கடைகள் பூட்டப்பட்டன. மாலுமிகள் கப்பலை விட்டு ஓடினார்கள். தங்கச் செய்தி முதலில் செய்தது ஊரை வளர்த்ததை அல்ல, காலி செய்ததை.

தங்கம் இருந்தது மலையில்.. வளர்ந்தது மட்டும் கடற்கரை ஊர், ஏன்?

முக்கியமான கேள்வி இதுதான். கொலோமாவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர். தங்கம் ஒரு துளிகூட ஊரில் இல்லை. அப்புறம் எப்படி வளர்ந்தது?

பதில், துறைமுகம். அந்த வளைகுடா இயற்கையாகவே அமைந்த பெரிய துறைமுகம். உலகத்தின் எந்த மூலையில் இருந்து கடல் வழியாக வந்தாலும் இங்கேதான் இறங்கணும். இறங்கி, படகில் ஆற்று வழியாக சாக்ரமென்டோ போய், அங்கிருந்து மலை ஏறணும். உள்ளே போகிற அரிசியும் மாவும், வெளியே வருகிற தங்கமும் இந்த ஒரே வாசல் வழியாகத்தான். மலையில் தோண்டிய தங்கம் ஊருக்கு வந்துதான் சாப்பாடாக, துணியாக, வாடகையாக, சூதாட்டமாகச் செலவானது.

1848 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் போல்க், தங்கம் கிடைத்தது உண்மைதான் என்று நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தார். அதன் பிறகு வெள்ளம்தான். 1849ல் மட்டும் கலிபோர்னியாவுக்கு வந்தவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர். சிலி, பெரு, மெக்சிகோ, ஹவாய், ஆஸ்திரேலியா, சீனா, ஐரோப்பா என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்தது. அந்த ஆண்டில் வந்தவர்களுக்கு நாற்பத்தொன்பதுகாரர்கள் என்றே பெயர். சான் பிரான்சிஸ்கோவின் கால்பந்து அணிக்கு 49ஏர்ஸ் என்று பெயர் வந்தது இதனால்தான்.

எண்ணிக்கையில் பார்த்தால்:

* 1847: 459 பேர்
* 1850: சுமார் 25 ஆயிரம்
* 1860: சுமார் 57 ஆயிரம்
* 1870: சுமார் 1.5 லட்சம்

1850ஆம் ஆண்டுக்கு மட்டும் ஏன் மதிப்பீடு என்றால், அந்த ஆண்டு எடுத்த கணக்கெடுப்புத் தாள்களே தீயில் எரிந்துபோயின. அந்தத் தீயைப் பற்றிக் கீழே சொல்றோம்.

கப்பல்கள் மேலே ஒரு நகரம்

வந்தவர்களில் 10ல் 9 பேர் ஆண்கள். தங்க வீடு இல்லை, துணி துவைக்க ஆள் இல்லை. சிலர் அழுக்குத் துணியைக் கப்பலில் ஹவாய்க்கு அனுப்பித் துவைத்து வாங்கினார்கள்! ஒரு முட்டை ஒரு டாலர் வரை போனது.

கரையில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஆளில்லாமல் நின்றன. அவற்றை என்ன செய்வது? நயான்டிக் என்ற கப்பல் முதலில் கிடங்கானது, பிறகு அதன் மேலேயே ஓட்டல் எழுந்தது. யுஃபீமியா என்ற கப்பல் சிறைச்சாலையானது. மீதிக் கப்பல்கள் பலவற்றை நின்ற இடத்திலேயே மூழ்கவிட்டு, மணலைக் கொட்டி மூடி, அதன் மேல் தெரு போட்டார்கள். பிரானன் வந்து இறங்கிய அந்தக் கடற்குடா இன்று இல்லவே இல்லை. அங்கே நிற்பது வங்கிகளும் அடுக்குமாடி அலுவலகங்களும். 1994ல் ரயில் சுரங்கம் தோண்டியபோது ரோம் என்ற பழைய கப்பலே குறுக்கே வந்தது. இன்றைக்கும் அதன் ஊடாகத்தான் ரயில் போகிறது.

நிலம் விலை ஏற ஏற, முன்பே வாங்கிப் போட்டிருந்த பிரானன் நகரின் பெரிய நிலச் சொந்தக்காரர்களில் ஒருவரானார். சாக்ரமென்டோ நகரம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஆறு பெருந்தீ, நாலு தூக்கு

அவசரமாக முளைத்த ஊர் மரத்தாலும் கூடாரத் துணியாலும் ஆனது. 1849 டிசம்பர் முதல் 1851 ஜூன் வரை ஒன்றரை ஆண்டில் ஆறு முறை பெருந்தீ. ஒவ்வொரு முறையும் சில வாரங்களிலேயே மறுபடி கட்டினார்கள். சான் பிரான்சிஸ்கோவின் முத்திரையில் இன்றும் இருக்கும் பீனிக்ஸ் பறவை அந்தத் தீயின் நினைவுதான்.

மக்கள் வந்த வேகத்துக்குக் காவல்துறையும் நீதிமன்றமும் வளரவில்லை. திருட்டும் கொலையும் பெருகின. 1851 ஜூனில் வியாபாரிகள் சேர்ந்து கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். முதல் தலைவர் பிரானன்தான். பணப்பெட்டியைத் திருடியதாக ஜான் ஜென்கின்ஸ் என்பவரைப் பிடித்து, அவர்களே விசாரித்து, அன்று இரவே தூக்கில் போட்டார்கள். அந்த ஆண்டில் மொத்தம் நாலு பேர் இப்படிக் கொல்லப்பட்டார்கள். ஊர் அமைதியானது என்று அன்று பாராட்டியவர்கள் உண்டு. ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்த கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் பிரானன் என்பதை மறைக்க முடியாது.

அதே ஆண்டில் மோர்மன் சபையும் அவரை விலக்கியது. ஆற்றங்கரை மோர்மன்களிடம் வசூலித்த தசமபாகப் பணம் எங்கே போனது என்ற பேச்சு கடைசிவரை அவரை விடவில்லை.

விலை கொடுத்தவர்கள் யார்?

இந்தக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போகிற பக்கம் இது. தங்கம் கிடைத்த மலைகள் யாரும் இல்லாத காடு அல்ல. பூர்வகுடி மக்கள் வாழ்ந்த ஊர்கள். 1848ல் கலிபோர்னியாவில் சுமார் 1.5 லட்சம் பூர்வகுடிகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1870ல் மிஞ்சியது சுமார் 30 ஆயிரம் பேர். நோய், பட்டினி, நேரடிப் படுகொலை என எல்லாமே சேர்ந்து செய்த அழிவு. 1850ல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று, பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்துப்போகவே வழி செய்தது. வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மாதம் 20 டாலர் வரி போட்டதும் அதே ஆண்டில்தான்.

கோடீஸ்வரரின் கடைசி நாட்கள்

1850களின் கடைசியில் பிரானன் புதுக் கனவு கண்டார். நாபா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள இடத்தை வாங்கி, கலிஸ்டோகா என்ற சுற்றுலா ஊரை உருவாக்கினார். பணத்தைக் கொட்டினார். கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை.

1870ல் மனைவி ஆன் எலைசாவுடன் விவாகரத்து. சொத்தில் பாதியை அவருக்கு ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய நிலை. பிரானனிடம் இருந்ததோ பெரும்பாலும் நிலம். அவசரத்தில் விற்றார். கூடவே குடிப்பழக்கம். கையில் இருந்தது கரைந்துபோனது. மெக்சிகோவில் கிடைத்த நிலத்தை வைத்து மீண்டுவிடலாம் என்று போனார். அதுவும் கைகூடவில்லை.

1889 மே மாதம், சான் டியேகோ பக்கம் எஸ்கான்டிடோ என்ற சின்ன ஊரில், 70 வயதில் இறந்தார். அடக்கம் செய்யக்கூடப் பணம் இல்லை. உடல் ஏறத்தாழ ஓராண்டு கல்லறை அறையிலேயே கிடந்த பிறகுதான் மண்ணுக்குள் போனது.

அவர் மட்டுமில்லை. தங்கத்தை முதலில் கண்ட மார்ஷல் 1885ல் வறுமையில் இறந்தார். அத்துமீறிக் குடியேறியவர்களிடம் நிலத்தை இழந்த சட்டர், அரசிடம் நஷ்டஈடு கேட்டு அலைந்து, அது கிடைக்காமலேயே 1880ல் இறந்தார். கண்டெடுத்தவர், நிலத்துக்காரர், ஊருக்குச் சொன்னவர் என மூன்று பேர் கையிலும் தங்கம் நிற்கவில்லை.

நின்றது ஊர் மட்டும்தான். தங்கம் தீர்ந்த பிறகும் துறைமுகம் இருந்தது, வங்கிகள் இருந்தன, வந்த மக்களில் பலர் திரும்பிப் போகாமல் அங்கேயே இருந்தார்கள். அவசரத்தில் வந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பம் குட்டி என ஊராகிவிட்டது.

சான் பிரான்சிஸ்கோவில் இன்று பிரானன் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. சுற்றிலும் டெக் கம்பெனிகள். அடுத்த தங்கம் எது என்று தேடி உலகம் முழுக்க இருந்து இளைஞர்கள் இப்போதும் அங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்ப் பலகையின் கதை தெரியுமோ!

அடுத்த முறை யாராவது ஒரு புது வாய்ப்பைப் பற்றி உங்ககிட்ட சத்தமாகச் சொன்னால், ஒரு நிமிஷம் நின்று பாருங்க. சொல்பவர் தோண்டப் போகிறாரா, இல்லை மண்வெட்டி விற்கிறாரா?