தட்டெழுத்துத் தந்தை முத்தையா

தமிழ் வளர்த்த பெரியோர் என்றவுடன் ஏடு தேடி அலைந்தவர்களையும் மேடையில் முழங்கியவர்களையும் நினைக்கிறோம். அலுவலக மேசையில் அமர்ந்து தமிழுக்கு ஒரு கருவி ஆக்கித் தந்தவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆர். முத்தையா அத்தகையவர். அவரைப் பற்றி நம் மலரில் எழுத நான் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முத்தையா 1886-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தார். அந்நாளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கே இரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்து வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. முத்தையாவும் 1907-இல் அவ்வழியே சென்றார். சிறிது காலம் இரயில்வேப் பணி. பின்னர்ச் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் 1930 வரை வேலை. வேறு எவராயினும் சம்பளம் வாங்கி, வீடு கட்டி, நிறைவோடு இருந்திருப்பார்.

ஆனால் நாள்தோறும் அவர் எதிரே ஆங்கிலப் பொறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தமிழுக்கு அப்படி ஒன்று ஏன் கூடாது என்ற எண்ணம் அவரை விடவில்லை.

இடர்ப்பாடு எங்கே என்று பாருங்கள். நம் எழுத்துகள் 247. பொறியில் இருப்பவையோ ஏறத்தாழ 45 விசைகள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு வடிவம் வைத்தாலும் 90-ஐத் தாண்டாது. எனவே எழுத்துகளைப் பிரித்தாக வேண்டும். கொம்பு, கால் ஆகியவற்றைத் தனியே வைத்தால் ‘கொ’ என்பதற்கு வேறு விசை தேவையில்லை. ‘கு’, ‘து’, ‘மு’ போன்றவை அவ்வாறு பிரியா. அவற்றுக்குத் தனி இடம் வேண்டும். புள்ளியும் ‘கி’யின் விசிறியும் இன்னும் பெரிய தொல்லை. ஒரு விசையை அடித்தவுடன் தாள் ஏந்திய உருளை ஓரிடம் நகர்ந்துவிடும். அப்படி நகர்ந்தால் எழுத்தின் தலையில் புள்ளி எப்படி அமரும்? உருளையை நகர்த்தாத விசை ஒன்று வேண்டும். முதலில் புள்ளியை அடித்தால் உருளை அசையாது நிற்கும். அடுத்து மெய்யை அடித்தால் புள்ளிக்குக் கீழே அது பொருந்தும். கையால் எழுதும்போது எழுத்து முன்னே, புள்ளி பின்னே. பொறியிலோ புள்ளி முன்னே! தொல்காப்பியர் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ?

முதல் உலகப் போருக்குப் பின்னர் அவர் வகுத்த அமைப்பின்படி ஜெர்மனியில் சைடல் அண்ட் நௌமன் என்னும் நிறுவனம் பொறிகளைச் செய்தது. முதலில் பெரிய பொறிகள். பின்னர் பிஜோ, எரிகா போன்ற, கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய பொறிகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரில் உழைத்து, ஜெர்மனியில் தமிழ் எழுத்தை எஃகில் வார்க்கச் செய்த அம்மனிதரின் துணிவை நான் பெரிதென்பேன். வாங்குவோர் எத்தனை பேர் என்று தெரியாமல் இறங்கிய வேலை அது.

பின்வந்தோர் விசைப்பலகையில் சில மாற்றங்கள் செய்தனர். ஆயினும் இடக்கை விரல்களுக்கு ‘ய, ள, ன, க’, வலக்கைக்கு ‘த, ம, ட’ என்று தமிழ்நாட்டுத் தட்டெழுத்துப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற வரிசை அவர் போட்ட பாதையில் வந்ததே.

இனி, நான் சொல்வதாகச் சொன்ன காரணம். இம்மலருக்குக் கட்டுரை கேட்டபொழுது நண்பர் சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினார்கள். அவர்களைக் குறைகூற மாட்டேன். பெங்களூரில் பிறந்து, வீட்டில் மட்டுமே தமிழ் பேசி வளர்ந்தவர்கள் நம்மில் மிகப் பலர். ஆனால் என் அறையிலேயே தங்கிப் பயிலும் கன்னட நண்பர் தம் கணினியில் ‘நுடி’யைக் கொண்டு கன்னடத்தைக் கன்னடமாகவே அடிக்கிறார். அதற்கு அடிப்படையான விசை அமைப்பை வகுத்தவர் கே. பி. ராவ். அதைக் கண்ட பின்னர் நானும் ஒரு பயிற்சி மென்பொருளை இறக்கிக்கொண்டேன். எந்த விரல் எங்கே செல்ல வேண்டும் என்று அது காட்டுகிறது, தவறினால் சிவப்பு.

அதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பழைய தட்டெழுத்து முறை. மற்றொன்று 1999-இல் வந்த ‘தமிழ் 99’. அதில் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. ‘க’வை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுகிறது. உருளை நகரும் கவலை கணினிக்கு இல்லை. புதிதாகத் தொடங்குவோர்க்கு இதுவே எளிது என்பது என் கருத்து. முத்தையா இன்றிருந்தால் அவரும் இதையே எடுத்திருப்பார் என்று எண்ணுகிறேன். நான் நாள்தோறும் இரவு அரை மணி நேரம் பழகுகிறேன். மூன்றாம் வாரத்தில் நிமிடத்துக்குப் பதினொரு சொல் வந்திருக்கிறது. விடுதியில் என் அறைக்கு வந்தால் அம்மென்பொருளை உங்கள் கணினியிலும் ஏற்றித் தருவேன்.