பன்னிரண்டு ஆண்டு சாதகம்

செல்லோ என்பது வயலினுக்குப் பெரிய அண்ணன். உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பது. அதில் உலகப்புகழ் பெற்றவர் ஸ்பெயின் நாட்டுப் பாப்லோ கசால்ஸ் (1876-1973).

அந்நாளில் செல்லோ படிக்கும் பிள்ளைங்க கக்கத்தில் புத்தகத்தை இடுக்கிக்கிட்டுத்தான் வில் போடணும். கை அசையக் கூடாதாம்! சிறுவன் கசால்ஸ் அந்த வழக்கத்தையே உதறிவிட்டான்.

13 வயதில் தகப்பனாருடன் பார்சலோனாவில் பழைய இசைநூல் கடையொன்றில் துழாவியபோது, ஜெர்மானிய மேதை பாக் செல்லோவுக்கென எழுதிய ஆறு தொகுப்புகள் அகப்பட்டன. வெறும் பயிற்சிப் பாடமென்று பலரும் ஒதுக்கியவை. உடனே மேடையேறினாரா? இல்லை. பன்னிரண்டு ஆண்டு நாள்தோறும் சாதகம் பண்ணிய பிறகே சபையில் வாசித்தார். நம்ம பிள்ளைங்களோ மூணாவது வாரமே மேடை கேட்குறாங்க! அவற்றை இசைத்தட்டில் பதியத் தொடங்கியது 1936-இல். அப்போது வயது அறுபதை நெருங்கியிருந்தது.

தொண்ணூறு தாண்டியும் தினமும் செல்லோவை எடுத்துச் சாதகத்துக்கு உட்கார்ந்துவிடுவார்.